கண்ணாடித் தொட்டியும் ஒரு வயலே
வண்ண மீன் வளர்ப்போர் முதலில் அறிய வேண்டிய பாடம்

சென்னையின் வடபகுதியில் வண்ண மீன் என்றாலே கொளத்தூரின் பெயர்தான் முதலில் வரும். வீட்டு மாடியிலும் கொல்லையிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் குஞ்சு பொரிக்கச் செய்து விற்கும் குடும்பங்கள் அங்கு ஏராளம். இதைப் பார்த்துத் திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மீஞ்சூர், பொன்னேரி வட்டாரங்களில் சிறு விவசாயக் குடும்பங்களும், வீட்டில் ஒருவர் ஆலைக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களும் இத்தொழிலில் இறங்க ஆசைப்படுகின்றன. மீஞ்சூர்ப் பகுதியில் கிணறுகள் உவர்ப்பாகி, சாகுபடிப் பரப்பு சுருங்கியவர்களுக்கு இந்த ஆசை வருவது இயற்கையே.

ஆனால் தொடங்குபவர்களில் பலருக்கு நேரும் அனுபவம் ஒன்றுதான். கடையில் கண்ணாடித் தொட்டி, கல், செடி, பத்துப் பன்னிரண்டு மீன் ஆகியவற்றை ஒரே நாளில் வாங்குகிறார்கள். அன்று மாலையே குழாய்த் தண்ணீரை நிரப்பி மீனை விடுகிறார்கள். முதல் இரண்டு நாள் மீன் நன்றாக ஓடித் திரிகிறது. நான்காம் நாள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பத்து நாளுக்குள் பாதி மீன் மிதந்துவிடுகிறது. "மீன் நோய் மீன்" என்று கடைக்காரரைக் குறை கூறுகிறார்கள். வேறு மீன் வாங்கி விடுகிறார்கள், அதுவும் சாகிறது. கைப்பணம் போன பிறகு தொட்டி பரண் மேல் ஏறுகிறது.

இதில் மீனின் குற்றம் பெரும்பாலும் இல்லை. தொட்டி தயாராகும் முன்பே மீனை விட்டதுதான் குற்றம். உழாத நிலத்தில் நாற்று நடுவதற்கு ஒப்பானது இது. தொட்டி எவ்வாறு தயாராகிறது என்பதை விவசாயி எளிதில் புரிந்துகொள்ளலாம். ஏனெனில் வயல் மண்ணில் நடப்பதே தொட்டியிலும் நடக்கிறது.

தந்தை கண்ட தொட்டியும் மகன் கண்ட மண்ணும்

1850ஆம் ஆண்டை ஒட்டி லண்டன் நகரில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் மணலும் நீரும் இட்டு, இரண்டு சிறு தங்க மீன்களையும், வாலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற இலையுடைய நீர்த்தாவரத்தையும் வைத்தார். மீன் விடும் மூச்சிலிருந்து செடிக்குக் கரியமில வாயுவும், செடியிலிருந்து மீனுக்குப் பிராணவாயுவும் கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு. சில நாளில் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கியது. குளத்து நத்தைகளைப் பிடித்து விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்றன, நீர் தெளிந்தது. நீரை மாற்றாமலே மீன்கள் நலமாக வாழ்ந்தன. செடியும் மீனும் சேர்ந்த தொட்டி என்ற கருத்து பரவ இச்சோதனை முக்கியக் காரணமாயிற்று.

அவர் கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள் அத்தொட்டியில் வேறு இருந்தார்கள். அவர்களைப் பற்றிய உண்மையை விளக்க உதவியவர் அவருடைய மகனே. தந்தையின் பெயரையே கொண்ட மகன் ராபர்ட் வாரிங்டன், இங்கிலாந்தில் உள்ள ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1870களின் பிற்பகுதியிலிருந்து மண்ணை ஆராய்ந்தார். மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது நுண்ணுயிர்களின் வேலை என்பதையும், அது இரண்டு கட்டங்களாக நடக்கிறது என்பதையும் அவர் ஆய்வுகள் காட்டின. அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி, ஆண்டு 1890.

வயலுக்கு யூரியா இடும்போது இதுவே நடக்கிறது. யூரியா முதலில் அம்மோனியாவாக மாறுகிறது. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்குகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட்டைப் பயிர் எடுத்துக்கொள்கிறது. இரண்டு வேலையையும் ஒரே நுண்ணுயிர் செய்வதும் உண்டு என்று 2015இல் கண்டறியப்பட்டது.

தொட்டியில் யூரியா இடுவோர் யாரும் இல்லை. ஆனால் மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியிடுகிறது. மீனின் எச்சம், தின்னாமல் கிடக்கும் தீவனம், அழுகும் இலை ஆகியவையும் அம்மோனியா ஆகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அதிகத் தீங்கு இல்லாதது; செடிக்கு அது தழைச்சத்து. செடி அம்மோனியாவையும் நேரடியாக எடுத்துக்கொள்ளும். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவில் இல்லை. அவை பெருகி மணலிலும் கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் தன் விஷத்திலேயே மூழ்கிக் கிடக்கும். பத்து நாளில் மீன் சாவதன் இரகசியம் இதுவே.

கார நீரில் ஆபத்து கூடுதல்

அம்மோனியாவின் கடுமை நீரின் கார அமில நிலையைப் பொறுத்தது. நீரின் வெப்பம் 30 டிகிரி சென்டிகிரேடாக இருக்கும்போது கார அமில நிலை 7 என்றால், நீரில் உள்ள மொத்த அம்மோனியாவில் 100இல் 1 பங்குக்கும் குறைவே விஷ வடிவில் இருக்கும். கார அமில நிலை 8 ஆனால் அது சுமார் 7 பங்காக உயர்ந்துவிடும். ஆழ்குழாய் நீர் சில இடங்களில் காரமாகவும் கடினமாகவும் இருக்கும். அவ்விடங்களில் ஒரே அளவு தீவனமும் ஒரே எண்ணிக்கை மீனும் இருந்தாலும் ஆபத்து பல மடங்கு. எனவே வடசென்னைப் பகுதியினர் மீனைத் தேர்ந்தெடுக்கும் முன் நீரைத் தெரிந்துகொள்வது அவசியம்.

எந்த நீரை எடுப்பது?

கடலோரத்தை ஒட்டிய மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல் நீர் உட்புகுந்தது 1960களின் இறுதியிலேயே கவனிக்கப்பட்டது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. இருபது லிட்டர் நல்ல நீரில் ஒரு லிட்டர் கடல் நீர் கலந்தாலும் லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் உப்பு ஏறிவிடும். வயலில் உவர் நீர் பாய்ச்சினால் நெற்பயிர் நுனி கருகுவது போலவே தொட்டியில் செடியின் இலை கரைந்து போகும்.

பேனா போன்ற சிறிய டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நலம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தின்படி விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லி கிராம். அதற்குள் இருக்கும் நீர் செடித் தொட்டிக்கு நல்லது. 500 முதல் 1000 வரை உள்ள நீரில் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் போன்ற குட்டி போடும் மீன்கள் நன்றாக வாழும். செடிகளில் கடினமானவை மட்டும் தாங்கும். அதற்கும் மேலே போனால் அந்நீரைத் தனியாகப் பயன்படுத்தாமல் மழை நீருடன் கலந்து பயன்படுத்த வேண்டும்.

மழை நீர் சேமிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. எண்ணூர், மணலி வட்டாரக் கூரைகளில் நிலக்கரித் தூசும் ஆலைப் புகையின் படிவும் தங்கியிருக்கும். பருவத்தின் முதல் இரண்டு மூன்று மழையைக் கூரையைக் கழுவ விட்டுவிட வேண்டும். அதன் பிறகு பெய்யும் மழையைப் பிடித்து, வடிகட்டி, மூடி வைக்கலாம். மழை நீரில் தாது உப்புகள் இல்லாததால் தனி மழை நீர் மட்டும் மீனுக்கு ஏற்றதன்று. கிணற்று நீருடன் பாதிக்குப் பாதி கலப்பது நலம்.

குடிநீர் வாரியக் குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்குவதோடு நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும். கொசு முட்டையிடாமல் இருக்க மேலே மெல்லிய துணி கட்டுவது அவசியம். அவசரமானால் ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் 100 லிட்டருக்கு 1 கிராம் கரைத்தால் வழக்கமான குளோரின் நீங்கும்.

கொசஸ்தலையாற்றுக் கழிமுகம், பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் நீரையோ, அங்குள்ள சேற்றையோ, புழுவையோ தொட்டிக்குக் கொண்டுவரக் கூடாது. அனல் மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் இப்பகுதி நீர்நிலைகளில் சேர்ந்திருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி மீனவர்களின் படகையும் வலையையும் பாழாக்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. சாக்கடைக் கால்வாய்களில் அள்ளப்படும் சிவப்புப் புழுவை மலிவு என்று வாங்கி மீனுக்கு இடுவதும் நோயை விலைக்கு வாங்குவதாகும்.

தொட்டியும் அடிமண்ணும்

புதிதாகத் தொடங்குவோர் 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தொட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். இதன் முழுக் கொள்ளளவு 54 லிட்டர்; மண்ணும் மேல் இடைவெளியும் போகச் சுமார் 40 லிட்டர் நீர் பிடிக்கும். இதைவிடச் சிறிய தொட்டி மலிவாகத் தோன்றினாலும் அதில் நீர் விரைவில் கெடும். வெப்பமும் விரைவில் ஏறும். நிரப்பிய தொட்டி 70 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் ஆட்டமில்லாத மேசை வேண்டும். கடற்காற்றுப் படும் இராயபுரம், காசிமேடு பகுதிகளில் இரும்புத் தாங்கி எளிதில் துருப்பிடிக்கும். நன்கு வர்ணம் பூசியதாகவோ மரத்தாலானதாகவோ இருக்கட்டும். கண்ணாடிக்கு அடியில் தெர்மாகோல் அட்டை ஒன்றைப் பரப்பினால் கண்ணாடி விரிசல் விடாது. சன்னல் வெயில் நேராக விழும் இடம் ஆகாது. பாசி பிடிக்கும், நீரும் சூடேறும்.

அடியில் சலித்த தோட்டத்துச் செம்மண் 2 செ.மீ. கனத்துக்குப் பரப்ப வேண்டும். இந்த மண்ணில் தொழு உரமோ, யூரியாவோ, டி.ஏ.பி.யோ கலக்கவே கூடாது. நல்ல விளைச்சலுக்கு உரம் இட்டுப் பழகிய கை இந்த இடத்தில்தான் தவறு செய்யும். ஒரு பிடி சாணம் 40 லிட்டர் நீரை நஞ்சாக்கப் போதும். மண்ணின் மேல் இரண்டு மூன்று மில்லி மீட்டர் பருமனுள்ள ஆற்று மணலை நன்கு கழுவி 4 செ.மீ. கனத்துக்கு மூட வேண்டும். கடற்கரை மணல் உதவாது. அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் இருப்பதால் நீர் மேலும் காரமாகும். மணலில் சுண்ணாம்பு உள்ளதா என அறிய, சிறிது மணலில் வினிகர் விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் அது வேண்டாம்.

மணல் மேல் ஒரு தட்டு வைத்து அதன் மேல் மெதுவாக நீர் ஊற்றினால் அடிமண் கலங்காது. சிறு காற்று மோட்டாரும் பஞ்சு வடிகட்டியும் பொருத்த வேண்டும். 10 முதல் 15 வாட் எல்.இ.டி. விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். அதற்கு மேல் எரித்தால் பயன் பாசிக்கே.

களையும் செடியாகும்

தொட்டிச் செடி என்றால் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. விவசாயி வயலில் பிடுங்கி எறியும் சில களைகளின் இனத்தைச் சேர்ந்தவையே கடைகளில் தொட்டிச் செடிகளாக விற்கப்படுகின்றன. வரப்போரத்தில் படரும் நீர்ப்பிரமி, வயல் சேற்றில் நாலிலை விரிக்கும் ஆரைக்கீரை, நெல் வயலில் காணும் ரொட்டாலா, லிம்னோபிலா, லுட்விஜியா இனச் செடிகள் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். குளங்களில் கிடைக்கும் வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் தொடக்கக்காரருக்கு ஏற்றவை. ஓரளவு கடின நீரையும் தாங்கும்.

வயலிலிருந்து எடுப்பதானால் அண்மையில் பூச்சிமருந்து தெளித்த வயலில் எடுக்கக் கூடாது. கொண்டுவந்த செடியைப் பல முறை கழுவி, இளஞ்சிவப்பு நிறம் வரும் அளவுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த நீரில் 10 நிமிடம் அமிழ்த்தி, மீண்டும் நல்ல நீரில் அலசி, தனி வாளியில் ஒரு வாரம் வைத்திருந்து பிறகே நட வேண்டும். நீருக்கு வெளியே வளர்ந்த செடி நீருக்குள் வந்ததும் பழைய இலையை உதிர்த்துப் புதிய இலை விடும். இது நோயன்று. உதிரும் இலைகளை மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும்.

செடியை இரண்டொன்றாக நட்டால் பயனில்லை. மணற்பரப்பில் முக்கால் பங்கு முதல் நாளிலேயே நட்டுவிட வேண்டும். வேகமாக வளரும் செடிகள் எவ்வளவு கூடுதலாக உள்ளனவோ, அவ்வளவு அம்மோனியாவை அவை உறிஞ்சும். பாசிக்கும் உணவு கிடைக்காது.

மீனில்லாத நான்கு வாரம்

செடி நட்ட நாளிலிருந்து நான்கு வாரம் பொறுமை வேண்டும். இந்நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை மீன் தீவனம் மட்டும் தொட்டியில் தூவி வரவேண்டும். அது அழுகி அம்மோனியாவைத் தரும். அதைத் தின்று நுண்ணுயிர் பெருகும். முதல் வாரத்தில் நீர் பால் போல் கலங்கினால் அஞ்ச வேண்டாம், தானே தெளியும். கண்ணாடியில் பழுப்புப் படலம் தோன்றுவதும் இயல்பே.

பழகிய தொட்டி வைத்திருப்பவர் யாராவது தெரிந்தவராக இருந்தால், அவர் தொட்டி வடிகட்டியின் பழைய பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் புதுத் தொட்டியில் போடலாம். தயிருக்கு உறை ஊற்றுவது போன்ற வேலை இது. காத்திருக்கும் காலம் பாதியாகக் குறையலாம். நோய் கண்ட தொட்டியிலிருந்து மட்டும் எடுக்கக் கூடாது.

அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்கும் சோதனைப் பெட்டி அலங்கார மீன் கடைகளில் கிடைக்கிறது. இரண்டும் பூஜ்யம் என்று காட்டி, செடியும் புதுத் தளிர் விட்டிருந்தால் தொட்டி தயார். பெட்டி வாங்க இயலாதவர் ஆறு வாரம் முடிந்த பிறகு இரண்டு கப்பி மட்டும் விட்டு இரண்டு வாரம் கவனிக்கலாம். அவை சுறுசுறுப்பாக இருந்தால் மேலும் இரண்டு விடலாம். ஒரே நாளில் தொட்டியை நிரப்பினால் இருக்கும் நுண்ணுயிர்கள் அத்தனை கழிவையும் சமாளிக்க முடியாது.

எத்தனை மீன், எப்படி விடுவது?

இந்த அளவுத் தொட்டிக்கு 3 செ.மீ. நீளமுள்ள கப்பி அல்லது பிளாட்டி பத்து போதும். தங்க மீன் சிறு தொட்டிக்கு ஆகாது. அது பெரிதாக வளரும், கழிவும் அதிகம், செடியையும் கடித்துத் தின்னும். சண்டை மீன் ஆண் ஒன்றுக்கு மேல் ஒரே தொட்டியில் விடக்கூடாது.

வாங்கி வந்த மீனை நேரே தொட்டியில் விடுவது தவறு. இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்து வெண்புள்ளி, துடுப்பு அழுகல் முதலிய நோய்கள் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். விடும்போது மீனுள்ள பையை 15 நிமிடம் தொட்டி நீரில் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமமாக்கி, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் ஊற்றி அரை மணி கழித்து வலையால் மீனை மட்டும் எடுத்து விடவேண்டும். பையிலுள்ள நீரைத் தொட்டியில் கொட்டக் கூடாது.

அன்றாடப் பணிகள்

தீவனம் இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே இட வேண்டும். நாளைக்கு ஒரு வேளை அல்லது இரு வேளை. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் தீங்கில்லை. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் தீவனம் இடும் பொறுப்பு ஒருவருக்கே இருக்கட்டும். ஆளுக்கொரு சிட்டிகை இட்டே பல தொட்டிகள் பாழாகின்றன.

வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை அடியிலிருந்து சிறு குழாய் மூலம் உறிஞ்சி வெளியேற்றிப் புது நீர் சேர்க்க வேண்டும். அந்தக் கழிவு நீரில் நைட்ரேட் இருப்பதால் கத்தரி, வெண்டை, கீரைப் பாத்திக்கு ஊற்றலாம். ஆவியாகிக் குறையும் நீரை ஈடு செய்வது வேறு, நீர் மாற்றுவது வேறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. உவர் நீரையே மேலும் மேலும் ஊற்றி வந்தால், வடிகால் இல்லாத வயலில் உப்புப் பூப்பது போலத் தொட்டியிலும் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கசக்கிக் கழுவினால் பாடுபட்டு வளர்த்த நுண்ணுயிர்கள் அழிந்துவிடும். வெளியேற்றிய தொட்டி நீரிலேயே இரண்டு முறை பிழிந்து மீண்டும் பொருத்த வேண்டும். "சுத்தமாக இருக்கட்டும்" என்று தொட்டி முழுவதையும் காலி செய்து தேய்த்துக் கழுவுவது, விளையும் வயலை மீண்டும் தரிசாக்குவதற்குச் சமம்.

ஆபத்து அறிகுறிகள்

விடியற்காலையில் மட்டும் மீன் மேலே வந்து மூச்சுத் திணறினால் பிராணவாயுக் குறைவு என்று பொருள். இரவில் செடியும் பிராணவாயுவையே எடுத்துக்கொள்வதால் இந்நிலை வருகிறது. காற்று மோட்டாரை இரவிலும் ஓட விட வேண்டும். பகல் முழுவதும் திணறி, செவுள் சிவந்திருந்தால் அம்மோனியா மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். உடனே மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, இரண்டு நாள் தீவனத்தை நிறுத்த வேண்டும். இறந்த மீன் செடிக்குள் கிடக்கிறதா என்று தேடி எடுக்க வேண்டும்.

கோடையில் நீர் 32 டிகிரிக்கு மேல் போனால் நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். மூடியை எடுத்துவிட்டு மேலே வலை போட்டு, மின்விசிறிக் காற்று நீர்ப்பரப்பில் படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையலாம். பனிக்கட்டியைக் கொட்டக் கூடாது.

புயல் காலத்தில் மின்சாரம் நாள் கணக்கில் நிற்பதுண்டு. ஐப்பசி பிறக்கும் முன்பே மின்கலத்தில் ஓடும் சிறு காற்று மோட்டார் ஒன்று வாங்கி வைப்பது நலம். அது இல்லாதவர் தீவனத்தை அறவே நிறுத்தி, இரண்டு மூன்று மணிக்கொரு முறை ஒரு குவளையால் நீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றி வரலாம். மீன் அளவாகவும் செடி நிறைவாகவும் உள்ள தொட்டி இத்தகைய நாட்களைத் தாங்கும். மீன் நெருக்கமான தொட்டி தாங்காது.

எப்போது தொழிலாக்குவது?

ஒரே ஒரு தொட்டியில் ஆறு மாதம், ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்த்த பிறகே சிமெண்டுத் தொட்டி கட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தில் கப்பி பல முறை குட்டி போட்டிருக்கும். செடி கத்தரிக்கக் கத்தரிக்கப் பெருகியிருக்கும். அவற்றை அருகிலுள்ள கடைக்கு விற்றுப் பார்த்தால் எதற்குக் கிராக்கி, என்ன விலை என்பது தெரிந்துவிடும். கடன் வாங்கித் தொடங்கியவர் முதல் மாதத்திலேயே மீனை இழந்தால் தவணை மட்டும் மிஞ்சும். தண்ணீரைப் பழக்கக் கற்றவருக்கே இத்தொழில் கைகொடுக்கும்.

2020இல் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. இப்போது எந்த உதவி நடைமுறையில் உள்ளது என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே செலவில் இறங்க வேண்டும். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருப்பதும் இவ்வட்டார மக்களுக்கு ஒரு வசதி. நீர்ப் பரிசோதனை, பயிற்சி பற்றி அங்கு விசாரிக்கலாம்.

ஏரியில் விடாதீர்கள்

முடிவாக ஒன்று. வேண்டாத மீனையும் செடியையும் இரக்கப்பட்டு ஏரியிலோ குளத்திலோ கிணற்றிலோ விடுவது பெருந்தவறு. அழகான பூவுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை இன்று நம் ஏரிகளையும் பாசன வாய்க்கால்களையும் மூடிக் கிடக்கிறது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தியும் அந்தக் கண்டத்து மீனே. வளர்ந்ததும் தொட்டிக்குப் பெரிதாகி, பலர் அதை வெளியே விட்டதால் சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளிலும் பரவியிருக்கிறது. அது கரையில் வளை தோண்டும், வலையைக் கிழிக்கும், தின்னவும் வாங்குவாரில்லை. ஏரிக்கரையை நம்பி வாழும் விவசாயிக்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டியதில்லை. வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். வேண்டாத செடியை நன்கு காயவைத்து எருக்குழியில் போடலாம்.

முதலில் தண்ணீர், அடுத்து செடி, கடைசியில் மீன் என்ற வரிசையை மாற்றாதவருக்குத் தொட்டி ஏமாற்றம் தராது. தொட்டி வாங்கும் நாளில் மீன் வாங்காமல் வீடு திரும்புவதே இதில் முதல் வெற்றி.